சாக்லேட் கொடுக்க யாரோடு போவது?

மேடையில் வீற்றிருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்த அரிமா சங்கத் தலைவர் அவர்களே, பள்ளி வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். மைக்கின் சத்தத்தைக் குறைத்து வைத்த ஒலிபெருக்கித் தம்பிக்குத் தனி நன்றி. அதனால்தான் நம் பிள்ளைகள் காதைப் பொத்தாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள, அதாவது பிறரோடு பேசிப் பழகும் விதமே வேறாக இருக்கும் பிள்ளைகளுக்கு நட்புப் பழகக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்: நம் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது, கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது, பதின்வயதில் வரும் சிக்கல்கள். இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

ஓர் ஆட்டத்தில் போய்ச் சேர்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறோம். என்ன ஆட்டம் என்று பிடிபடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் "நானும் வரட்டுமா?" என்கிறோம். வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இதை ஒவ்வொரு படியாகப் பிரித்து, வீட்டில் நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் லாகெசன் உருவாக்கிய, நட்புப் பழகச் சொல்லித்தரும் பீர்ஸ் என்ற பயிற்சியின் வழியும் இதுதான். அங்கே பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும்போதே பெற்றோருக்கும் தனி வகுப்பு நடக்கிறது. வீட்டில் பழக்கப்போவது அவர்கள்தானே! ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள். முகம் பார்க்காமலே நாம் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், நான்காம் வகுப்பு. பிறந்தநாள் வந்தது. புதுச்சட்டை, கையில் சாக்லேட் பாக்கெட். "மத்த கிளாசுக்கும் கொடுத்துட்டு வா, ஒரு ஃபிரண்டைக் கூட்டிக்கோ" என்றார் டீச்சர். பையன் அசையவில்லை. வகுப்பிலும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் டீச்சரே கூடப் போனார்.

அந்த டீச்சர் மனம் கேட்கவில்லை. பையனுக்கு டவுன் பஸ் நம்பர் எல்லாம் மனப்பாடம் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம், "அவன்கிட்ட ஒரு கேள்வி கேளு. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணு, அவசரப்படுத்தாதே" என்றார். அந்தப் பெண் தன் அத்தை வீட்டுக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாள். எண்ணினாள். சுவரைப் பார்த்தபடியே நம்பரைச் சொன்னான், வழியில் உள்ள ஸ்டாப்புகளையும் சேர்த்து! தினமும் ஒரு கேள்வி. ஒருநாள் அவனாகவே, "உங்க அத்தை வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்டான். அன்று டீச்சர் அழுதுவிட்டார். அடுத்த பிறந்தநாளில் சாக்லேட் பாக்கெட்டோடு நேரே அவளிடம் போய், வீட்டில் பழகிய அதே வரியைச் சொன்னான்: "நானும் வரட்டுமா?" பிறந்தநாள் அவனுக்கு! அவள் சிரிக்கவில்லை. "வா, போலாம்" என்று எழுந்தாள்.

பாருங்கள், பையன் ஒரு வரி கற்றான். அந்தப் பெண் பத்து வரை எண்ணக் கற்றாள். இரண்டு கை தட்டினால்தான் ஓசை. ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012-இல் இங்கிலாந்திலிருந்து எழுதியதும் இதுதான்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் எப்படிச் சரியாகும்?

அதற்கு நம் பிள்ளை முதலில் அந்த வகுப்பில் இருக்க வேண்டுமே. "உங்க பையனை எங்களால பாத்துக்க முடியாது" என்று திருப்பி அனுப்பும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16 என்ன சொல்கிறது? அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம வாய்ப்புத் தர வேண்டும். இடைவேளை மணியும் அதற்குள் வருகிறது ஐயா! இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு முறைவைத்துப் போய்வந்தால், இடைவேளையில் நம் பிள்ளையோடு யார் நிற்பது?

பதின்வயதுச் சிக்கல்களைத் தொட இன்று நேரமில்லை. அலுவலர் அவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்ப வேண்டும். அதற்குமுன் நம் மனு அவர் கைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேரச் சிறப்புப் பயிற்றுநர், சேர்க்க மறுக்கும் பள்ளி மீது நடவடிக்கை, இந்த இரண்டுதான் அதில் இருக்கிறது. வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் டீ சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.