சுகர் மாத்திரை போட்டால் வயிறு கலங்குகிறது, படபடக்கிறது: நிறுத்திவிடலாமா?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். கொஞ்சம் நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். கேட்டிருப்பவர் 46 வயதுப் பெண். சர்க்கரை நோய் என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலையிலும் இரவிலும் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்ட நாளிலிருந்து வயிறு கலங்கி இரண்டு மூன்று முறை போகிறது, வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு ருசி. மதிய சாப்பாட்டுக்கு முன்னால் கை நடுங்குகிறது, படபடப்பு. கண் வேறு மங்கலாகத் தெரிகிறது. "இந்த மாத்திரை கிட்னியையும் கெடுக்கும் என்கிறார்கள். பத்து நாளாக நானே நிறுத்தி வைத்திருக்கிறேன். சரியா?" என்று கேட்கிறார்.

நீங்களாக நிறுத்தியது சரியில்லை அம்மா. ஆனால் உங்கள் தொந்தரவு எல்லாம் நிஜம். "பழகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பவும் மாட்டேன். நீங்கள் எல்லாவற்றையும் 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். நான் படித்தபோது அதில் மூன்று தனித்தனி விஷயங்கள் தெரிகின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

வயிற்றுக் கோளாறும் அந்த இரும்பு ருசியும் மெட்ஃபார்மினுடைய வேலை. இது மிகவும் சகஜம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் தொந்தரவு கூடும். அதனால் சாப்பிடும்போது நடுவிலோ, சாப்பிட்டு முடித்த கையோடோ போட வேண்டும். ஆரம்பத்திலேயே அதிக அளவில் தொடங்கினாலும் வயிறு தாங்காது. வழக்கமாக ஒரு வேளை 500 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுவோம். அப்படியும் அடங்கவில்லை என்றால், மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. அட்டையில் எஸ்.ஆர், எக்ஸ்.ஆர், ஈ.ஆர் என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். அதற்கு மாறினாலே நிறைய பேருக்கு வயிறு சரியாகிவிடுகிறது. அந்த வகையை உடைத்தோ பொடித்தோ போடாதீர்கள், முழுசாக விழுங்குங்கள். இன்னொன்று, சில நேரம் மலத்தில் மாத்திரை அப்படியே வந்திருக்கிற மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெளியே வந்தது வெறும் கூடு.

இப்போது அந்தக் கை நடுக்கம். இதைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். மெட்ஃபார்மின் தனியாகப் போட்டால் சர்க்கரை மிகவும் கீழே போவது அபூர்வம். ஆனால் கிளிமிபிரைடு அப்படி இல்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. காலைச் சாப்பாடு குறைவாக இருந்தாலும், மதிய சாப்பாடு தள்ளிப்போனாலும் சர்க்கரை இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளம். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

அடுத்த முறை நடுக்கம் வந்தால், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் லோ சுகர். 15 கிராம் குளுக்கோஸ், இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மீட்டர் இல்லாவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரையைச் சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

சிலருக்கு மீட்டர் 110, 120 காட்டும், ஆனாலும் நடுங்கும். ரொம்ப நாளாக 300-ல் இருந்து பழகிய உடம்புக்கு, நார்மலுக்கு வருவதே பள்ளத்தில் இறங்குவது போல இருக்கும். அது ஆபத்தில்லை, சில வாரங்களில் போய்விடும். ஆக, நடுக்கம் வந்த நேரத்தில் எடுத்த எண் இல்லாமல் நான் எதுவும் சொல்ல முடியாது. உங்கள் மருத்துவராலும் முடியாது. நேரம், எண், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், இந்த மூன்றையும் குறித்து வையுங்கள். அதைப் பார்த்தாலே கிளிமிபிரைடைக் குறைப்பதா, எடுத்துவிடுவதா, இல்லை சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் போதுமா என்று தெரிந்துவிடும்.

கண் மங்கலுக்கு வருகிறேன். இது பெரும்பாலும் மருந்தின் கெடுதல் இல்லை, சர்க்கரை இறங்குவதன் அடையாளம். சர்க்கரை அதிகமாக இருந்த காலத்தில் கண்ணின் லென்ஸ் நீர் கோத்து வடிவம் மாறியிருக்கும். சர்க்கரை குறையும்போது அது திரும்ப மாறுகிறது. சில வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி போட்டால் அது பிறகு பொருந்தாது. ஆனால் நோய் தெரிந்தவுடன் விழித்திரைப் பரிசோதனை ஒன்று கட்டாயம் செய்திருக்க வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

அப்புறம் கிட்னி. இந்தப் பயம் எப்படி வருகிறது என்று எனக்குப் புரிகிறது. யாருக்கோ மெட்ஃபார்மினை நிறுத்தியிருப்பார்கள், காரணம் கேட்டால் "கிட்னி பிரச்சினை" என்றிருப்பார்கள். உடனே மாத்திரைதான் கெடுத்தது என்று பேச்சு பரவிவிடும். நடந்தது தலைகீழ். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் பலவீனமானால், அதுவும் பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும்தான், மருந்து சரியாக வெளியேறாமல் உடம்பில் தேங்கும். அதனால் அளவைக் குறைப்போம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் என்ற அளவு 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். மெட்ஃபார்மினால் நிஜமாகவே கவனிக்க வேண்டியது பி12 வைட்டமின். வருடக்கணக்கில் போடும்போது அது குறையலாம், அவ்வப்போது சோதித்தால் போதும். கடுமையான வாந்தி பேதி வந்து தண்ணீர்கூட உள்ளே நிற்காத நாட்களில் மட்டும், மாத்திரை போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, "நிறுத்தியதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே, சொல்லாமல் போய்ப் பார்க்கலாமா?" என்றும் எழுதியிருக்கிறார். திட்டினால் திட்டட்டும் அம்மா, சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், சோதனையில் சர்க்கரை எகிறியிருப்பதைப் பார்த்து 'இந்த அளவு போதவில்லை' என்று கிளிமிபிரைடை 1-லிருந்து 2 ஆக்கிவிடுவார். நீங்கள் மறுநாளிலிருந்து ஒழுங்காகப் போட ஆரம்பிப்பீர்கள். ஒரு மில்லிகிராமிலேயே நடுங்கிய உடம்பு அது. போன் செய்தாவது இந்த வாரமே பேசிவிடுங்கள், எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அவரே சொல்லட்டும்.