ஆல்ப் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றிய அரசு ஊழியர்

நேயர்களுக்கு வணக்கம். குடிநீர்த் திட்டங்களிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. அந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கிற ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வானொலி நிலையத்தார் வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பெயர் கார்ல் ஏமான். 1827-இல் பிறந்து 1889-இல் காலமான ஜெர்மானியர். தென் ஜெர்மனியில் அன்று தனி அரசாக இருந்த வூர்ட்டெம்பெர்க்கில் அரசுப் பொறியாளர்.

முதலில் அவர் வேலை பார்த்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட் நகரத்துக்கும் டான்யூப் ஆற்றுக்கும் நடுவே சுவாபிய ஆல்ப் என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து எழுநூறு, எண்ணூறு மீட்டர் உயரம். மழைக்குக் குறைவே கிடையாது. ஆனாலும் குடிக்கத் தண்ணீர் கிடையாது! காரணம் பாறை. அந்த மேடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். விழுகிற மழை விரிசல்களிலும் குகைகளிலும் இறங்கி, அடியோடு மறைந்துவிடும். மறைந்த தண்ணீர் மேட்டின் அடிவாரத்தில் பெரிய ஊற்றுகளாகப் பீறிட்டு வெளியே வரும். பிளௌபொய்ரன் என்ற ஊரில் பிளௌடோப்ஃப் என்று ஓர் ஊற்று உண்டு. நீல மை கலந்ததுபோல் இருக்கும் அதன் தண்ணீரைப் பார்க்க இன்றும் கூட்டம் கூடுகிறது. மேலே வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரெல்லாம் இருநூறு மீட்டர் பள்ளத்தில் ஓடியது.

மேட்டு ஊர்களில் கிணறு தோண்டிப் பயனில்லை. களிமண் பூசிய குட்டைகளில் மழைநீரைத் தேக்கினார்கள். மாடு இறங்கிக் குடிக்கிற குட்டை அது. கூரையில் விழும் மழையை நிலத்தடித் தொட்டிகளில் பிடித்தார்கள். கூரை பெரும்பாலும் வைக்கோல். அதில் வடிந்து வரும் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோடையில் குட்டை வற்றினால் வண்டியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும். செங்குத்தான பாதையில் பாரத்தோடு திரும்ப ஏற வேண்டும். அறுவடை நேரத்தில் ஆளும் மாடும் இப்படித் தண்ணீருக்கே போய்விட்டால் வயல் வேலையை யார் பார்ப்பது? தீப்பிடித்தால் அணைக்கவும் தண்ணீர் இருக்காது. நூற்றாண்டுக் கணக்காக இப்படித்தான் வாழ்ந்தார்கள்.

1860-களின் பிற்பகுதியில் ஏமான் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பள்ளத்தாக்கில் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் ஓட்டத்தையே வைத்துச் சக்கரத்தைச் சுழற்றுவோம். சக்கரம் பம்பை ஓட்டும். பம்பு ஊற்று நீரை மேட்டின் உச்சியில் கட்டிய தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து சாய்வில் தானாக ஊர்களுக்கு இறங்கும். கேட்க எளிமையாக இருக்கிறது. அந்தக் காலத்து விவசாயிகளுக்கு அது நம்பக்கூடிய பேச்சாக இல்லை. தண்ணீர் மலை ஏறுமா என்று கேட்டார்கள். ஏறினாலும் அந்தக் கடனை யார் அடைப்பது என்ற கேள்வி அதைவிடப் பெரிதாக நின்றது. கையில் காசு புழங்காத ஊர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் வரும் வரும் என்று வாக்குறுதி கேட்டுச் சலித்த எந்த ஊர்க்காரரும் அப்படித்தான் கேட்பார்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பேச அனுமதியுங்கள். ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணீரை இருநூறு மீட்டர் உயர்த்த, இன்றைய மின் அளவில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். ஐந்து குதிரைத்திறன் தரும் ஒரு சக்கரத்தை வைத்துக்கொள்வோம். வழியில் முப்பது சதவீதம் வீணாகிறது என்று கழித்தாலும், இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் நாளுக்கு நூறு கன மீட்டருக்கு மேல் ஏற்றிவிடும். ஒரு சின்ன ஊரும் அதன் மாடுகளும் குடித்து மிச்சம் வரும். ஆற்றுக்குக் கரி போட வேண்டியதில்லை. நீராவி எந்திரம் வைத்திருந்தால் ஊர்ப்பணம் நிலக்கரிக்கே போயிருக்கும். ஏமான் ஆற்றைத் தேர்ந்தெடுத்தது அவருடைய தொழில்ஞானத்துக்கு நல்ல சான்று.

இருநூறு மீட்டர் உயரம் என்றால் பம்பு வாயிலில் இருபது மடங்கு காற்றழுத்தம். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புக் குழாய். அந்தக் காலத்தில் குழாய் இணைப்பது எப்படி என்றால், ஒரு குழாயின் அகன்ற வாய்க்குள் அடுத்த குழாயின் முனையை நுழைப்பார்கள். இடைவெளியில் சணலைத் திணிப்பார்கள். அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றி, ஆறியதும் சுற்றிலும் உளி வைத்து அடித்து இறுக்குவார்கள். ஒரு ஜாயிண்ட் சரியாக அடிபடாவிட்டால் இருபது மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் ஊசிபோல் பீய்ச்சும். மலைச்சரிவில் பள்ளம் தோண்டி, குளிரில் உறையாத ஆழத்தில், இப்படி ஜாயிண்ட் ஜாயிண்டாக அடித்துக்கொண்டே மேலே போயிருக்கிறார்கள். அந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

முதலில் துணிந்தவை மூன்று ஊர்கள்: யுஸ்டிங்கன், இங்ஸ்டெட்டன், ஹௌசன். யுஸ்டிங்கன் ஊர்த்தலைவர் ஆன்டன் ஃபிஷர் திட்டத்தின் பக்கம் உறுதியாக நின்றார். எதிர்ப்பவர்களோடு நாளும் முகம் பார்த்து வாழ வேண்டிய பதவி அது. ஷ்மீஹ் என்ற சிற்றாற்றின் கரையில், டொய்ரிங்ஸ்ஹோஃபன் என்ற இடத்தில் நீரேற்று நிலையம் கட்டினார்கள். 1871 பிப்ரவரியில் யுஸ்டிங்கனுக்குத் தண்ணீர் ஏறியது. கடுங்குளிர்காலம். அதன் பிறகு தண்ணீர் மலை ஏறுமா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. அடுத்தடுத்த ஊர்கள் வரிசையில் வந்து நின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மேட்டின் பெரும்பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது.

பம்பையும் குழாயையும் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் ஏமானின் பெரிய சாதனை என்று நான் கருதுவது அவர் ஊர்களைச் சேர்த்துக் கட்டிய விதம். தனித்தனி ஊராக நின்றால் ஒருவராலும் பம்பு நிலையம் கட்ட முடியாது. எல்லா ஊரையும் ஒரே திட்டத்தில் போட்டால் ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும். ஆகவே மேட்டைக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு பள்ளத்தாக்கு, ஓர் ஊற்று, ஒரு பம்பு நிலையம், அதைச் சுற்றியுள்ள சில ஊர்கள். அது ஒரு குழு. நாம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று சொல்கிறோமே, அதே ஏற்பாடுதான். குழுக்களுக்கு எண் கொடுத்தார்கள். ஆல்ப் நீர் வழங்கல் குழு எட்டு என்பதுபோல இன்றும் சில சங்கங்களின் பெயரில் அந்த எண் இருக்கிறது.

கூட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வம்பு எங்கே தொடங்கும் என்று. தொட்டிக்குப் பக்கத்து ஊருக்கு முதலில் தண்ணீர் வரும். கடைக்கோடி ஊர் காத்திருக்கும். செலவில் மட்டும் பங்கு சமமா? குழாய் உடைந்தால் யார் ஆள் அனுப்புவது? பம்பைக் காவல் காப்பவருக்குச் சம்பளம் எந்த ஊர்க் கணக்கில்? இந்தக் கேள்விகளுக்குக் கட்டும் முன்பே பதில் இருக்க வேண்டும். குழுவே சொந்தக்காரர், குழுவே கடனாளி, குழுவே பராமரிப்பவர் என்று ஏற்பாடானது. அரசு ஒரு பங்கு நிதி கொடுத்தது. வடிவமைப்பும் மேற்பார்வையும் அரசுப் பொறியாளருடையது. ஏழை ஊர் ஒன்று தானே நிபுணரைத் தேடிப் பிடித்துச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. தலைநகரில் ஓர் அலுவலகம், அதில் தண்ணீர் தெரிந்த ஒருவர், எந்த ஊர் கேட்டாலும் வந்து பார்ப்பார். இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தனி மனிதரின் திறமை அவரோடு போய்விடும். ஏமான் போனபிறகும் அந்த அலுவலகம் இருந்தது. பின்னாளில் ஸ்டுட்கார்ட்டுக்கும் மற்ற நகரங்களுக்கும் டான்யூப் சமவெளியின் நிலத்தடி நீரைக் கொண்டுவர, 1912-இல் அரசே ஒரு மாநில நீர் வழங்கல் அமைப்பைத் தொடங்கியது. 1917 முதல் அந்தத் தண்ணீர் ஓடியது. முதல் உலகப் போரின் நடுவே!

அதே பகுதியில் மின்சாரமும் இப்படியே பரவியது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களுக்கு மின்கம்பி போட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். பத்துப் பண்ணைக்காக மைல் கணக்கில் கம்பி இழுக்க அவர்களுக்கு மனம் வராது; லாபமும் வராது. ஆல்ப் மேட்டுக்குத் தெற்கே, மேல் சுவாபியா என்ற விவசாயப் பகுதியின் மாவட்டங்கள் 1909-இல் ஒன்றுகூடி, தாங்களே உரிமையாளர்களாக ஒரு மின் சங்கம் அமைத்தன. அதன் பெயர் ஓ.இ.டபிள்யூ. மாவட்ட நிர்வாக அதிகாரிகள் தங்கள் வழக்கமான கோப்புகளுக்கு நடுவே மின்கம்பம் எங்கே நடுவது என்றும் பேசினார்கள். பிறகு இல்லர் ஆற்றில் நீர்மின் நிலையங்களும் வந்தன. அந்தச் சங்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனியின் பெரிய மின் நிறுவனங்களில் ஒன்றான என்பிடபிள்யூவின் பங்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அதன் கையில் இருக்கின்றன. பங்குதாரர்கள் யார்? கிராமங்கள் நிறைந்த மாவட்டங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆல்ப் பகுதிக்கும் ஸ்டுட்கார்ட் பகுதிக்கும் மீண்டும் தண்ணீர் போதவில்லை. 1954-இல் பதின்மூன்று நகரங்களும் ஊர்களும் சேர்ந்து கான்ஸ்டன்ஸ் ஏரி நீர் வழங்கல் சங்கத்தைத் தொடங்கின. சிப்ளிங்கன் என்ற கரையோர ஊருக்கு அருகே, ஏரியின் அறுபது மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை எடுத்து, முந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். 1958 முதல் அது ஓடுகிறது. இன்று சுமார் நாற்பது லட்சம் பேர் குடிக்கிறார்கள். அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் நகராட்சிகள் மட்டும் இல்லை; ஊர்கள் சேர்ந்து அமைத்த நீர் வழங்கல் சங்கங்களும், முப்பதுக்கு மேற்பட்டவை, உறுப்பினர்களாக இருக்கின்றன.

வணக்கம்.