குடம் உடைந்தது

நேயர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் சினிமாவைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுச் சொச்சம் வருஷத்துக் கதை. தொடக்கம், எழுபதுகள், இன்று என்று மூன்று பகுதியாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றாவதுக்கு நேரம் மிஞ்சுமா என்பது என் வாயைப் பொறுத்தது.

ஒரு பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1919, செப்டம்பர் 12. மணிலாவில் ஒரு படம் வெளியாகிறது. பெயர் 'டலாகாங் புகிட்'. டலாகா என்றால் கன்னிப்பெண், புகிட் என்றால் வயல். வயக்காட்டுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் ஹோசே நெபோமுசேனோ. நன்றாக ஓடிக்கொண்டிருந்த போட்டோ ஸ்டுடியோவை விற்றுவிட்டுப் படத்தொழிலில் இறங்கிய மனிதர். அதற்கு முன்பு அங்கே சினிமா இல்லாமல் இல்லை. 1897-லேயே மணிலாவில் படம் காட்டியிருக்கிறார்கள். 1912-ல் இரண்டு அமெரிக்கர்கள் போட்டி போட்டுக்கொண்டு பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசாலைப் பற்றிப் படம் எடுத்தார்கள். ரிசாலைச் சுட்டுக் கொன்றது ஸ்பெயின், அதைப் படமாக்கிக் காசு பார்த்தது அமெரிக்கர்கள்! ஆனால் அந்த மண்ணில் பிறந்த ஒருவர் எடுத்த முதல் கதைப்படம் இதுதான்.

கதை நமக்குப் பழக்கமான கதை. பூ விற்கிற பெண், சட்டம் படிக்கிற காதலன். பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சூதாட்டக் கடன். கடன் கொடுத்த கிழவனுக்கே பெண்ணைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். ஏற்கனவே மேடையில் சக்கைப்போடு போட்ட சர்சுவேலா இது. சர்சுவேலா என்றால் நம் இசை நாடகம் மாதிரி, பாட்டும் வசனமுமாகப் போகும். படமோ ஊமைப்படம். பாட்டுக்காகவே வருகிற கூட்டத்தை ஊமைப்படம் காட்டி எப்படி உட்காரவைப்பது?

கதாநாயகி ஆட்டாங் டி லா ராமாவையே தியேட்டருக்கு வரவழைத்துவிட்டார்கள். திரையில் அவர் வாயசைக்கிற நேரத்தில், அதே அரங்கில் நின்று அவரே பாடுவார். யோசித்துப் பாருங்கள். பதினேழு வயசுப் பெண். அந்தக் காலத்து ப்ரொஜெக்டர் பெரும்பாலும் கையால் சுற்றுகிறது. ஆபரேட்டர் கை கொஞ்சம் வேகமாகிவிட்டால் திரையில் இருக்கிற வாய் முந்திக்கொள்ளும். தன் வாயைத் தானே துரத்திப் பிடித்துப் பாட வேண்டும். அதுவும் ஒவ்வொரு காட்சிக்கும்.

அந்தப் பாட்டின் பெயர் 'நபாசாக் ஆங் பங்கா'. அர்த்தம், குடம் உடைந்தது.

இந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்க முடியாது, யாருமே பார்க்க முடியாது. ஓர் அடி ஃபிலிம்கூட மிச்சமில்லை. இதைச் சொல்லத்தான் பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் பிலிப்பைன்ஸில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். இன்று கையில் இருப்பதை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1945-ல் மணிலாவில் நடந்த சண்டையில் நகரமே தரைமட்டம். ஃபிலிம் பெட்டிகளை யார் பார்த்தார்கள்?

ஆனால் எல்லாப் பழியையும் போர்மேல் போட்டுவிட முடியாது. ஐம்பதுகளில் பிலிப்பைன்ஸ் ஸ்டுடியோக்கள் கொடிகட்டிப் பறந்தன. சம்பகீட்டா பிக்சர்ஸ் என்று ஒன்று. சம்பகீட்டா வேறெதுவும் இல்லை, நம் மல்லிகைப் பூதான், அங்கே அது தேசியப் பூ. இன்னொன்று எல்விஎன். அதை ஆண்டவர் டோன்யா சிசாங் என்ற மூதாட்டி. அந்தக் காலத்துப் படங்களிலும் ஏகப்பட்டது போய்விட்டது. குண்டு போட்டா போயிற்று? புழுக்கத்தில் போயிற்று.

எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் ஒரு தடவை பழைய பதினாறு எம்.எம். ஃபிலிம் டப்பா ஒன்றைத் திறந்தோம். ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி வினிகர் நெடி. ஃபிலிம் சுருங்கி, அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. ப்ரொஜெக்டரில் மாட்டினால் பற்சக்கரத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. ஃபிலிம் அழுகும்போது வருகிற நெடி அது. உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் ஈரம் பட்டு, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்ட அனுபவம் இருக்கிறதல்லவா? அதே கதைதான். மணிலா மழையும் புழுக்கமும் சேர்ந்த ஊர். குளிர்பதன அறைக்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்ட யாராவது வேண்டும். பழைய ஃபிலிமைக் கத்தரித்துப் புத்தாண்டு இரவில் ஊதுகிற ஊதல் செய்தார்கள் என்றுகூட அங்கே சொல்வதுண்டு. ஒரு கதாநாயகியின் முகம் ஊதலாகிப் போயிற்று!

அப்படியென்றால் பிழைத்தது எது? வெளியூர் போன பிள்ளை பிழைத்தது, வீட்டோடு இருந்த பிள்ளை போய்விட்டது. 1937-ல் எடுத்த 'சம்போவாங்கா' அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தது. மானுவெல் கோண்டே எடுத்து, தானே வேஷமும் கட்டிய 'செங்கிஸ்கான்' 1952-ல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போன படம். 2012-ல் அதைச் சீர்செய்து வெனிஸிலேயே மறுபடி திரையிட்டார்கள்.

சரி, எழுபதுகளுக்கு வருகிறேன். 1972-ல் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். படம் எடுக்கும் முன்பே ஸ்கிரிப்டைத் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். வறுமையைக் காட்டாதே, அழகைக் காட்டு என்பது அரண்மனை விருப்பம். அந்த நேரத்தில், 1975-ல், லினோ ப்ரோக்கா எடுத்ததுதான் நகரத்தின் பெயரையே தலைப்பில் வைத்த 'மய்னிலா'. கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு பையன் காதலியைத் தேடி மணிலாவுக்கு வருகிறான். கட்டட வேலைக்குப் போகிறான். சம்பள நாளில் கையெழுத்து ஒரு தொகைக்கு, கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அந்த ஒரு காட்சி போதும், கொத்து வேலைக்குப் போன எவருக்கும் வசனமே தேவையில்லை. காதலியின் பெயர் லிகாயா பராய்சோ. ஆனந்தம், சொர்க்கம் என்று அர்த்தம். அவள் இருக்கிற வீட்டின் ஜன்னலைப் பார்த்தபடி, சைனாடவுன் தெருமுனையில் அவன் நின்றுகொண்டே இருக்கிறான். படத்தில் பாதி அந்த நிற்றல்தான்.

இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் மைக் டி லியோன், எல்விஎன் மூதாட்டியின் பேரன். நெகட்டிவை மணிலாவில் வைக்காமல் இங்கிலாந்தில் கொடுத்துவைத்தார். பாருங்கள், மறுபடியும் அதே கதை! 2013-ல் இத்தாலியில் பொலோன்யா நகரத்து ஆய்வகத்தில் அதைச் சீராக்கினார்கள். அந்தப் பிரதியைத்தான் நான் பெரிய திரையில் பார்த்தேன். சிமெண்ட் தூசி தனித்தனியாகத் தெரிந்தது.

அதே ஆட்சியின் இன்னொரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். 1981 நவம்பரில், திரைப்பட விழாவுக்காக அவசர அவசரமாகக் கட்டிய மணிலா ஃபிலிம் சென்டரில் சாரம் சரிந்தது. தொழிலாளர்கள் ஈர சிமெண்டில் விழுந்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை தகராறு. 1982 ஜனவரியில் விழா நடந்தது. அதே வருஷம், அரசாங்கம் அமைத்த பட நிறுவனமே தயாரித்த படம் 'ஹிமாலா'. இஷ்மாயில் பெர்னால் இயக்கியது. ரயிலடியில் தண்ணீர் விற்று வளர்ந்த நோரா அவுனோர் நாயகி. வெள்ளைத்தோல் நாயகிகள் நடுவே கறுப்பாக, குள்ளமாக வந்து நின்றவர். ஆயிரக்கணக்கான ஜனம் முன்னால் நின்று, "அதிசயம் எதுவும் கிடையாது!" என்று கத்துகிறார். அவர் ரசிகர்களுக்கு நோரானியன்கள் என்றே பெயர், போட்டி நடிகை வில்மா சாந்தோஸ் கூட்டத்துக்கு வில்மானியன்கள். நடிகர் எஸ்ட்ராடா அதிபரே ஆனார். ரசிகர் மன்றம், ஓட்டு... நான் உங்களுக்கா விளக்க வேண்டும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். மூன்றாவது பகுதி முழுசாகக் கிடக்கிறது.

வேகமாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் 'பீட்டோ-பீட்டோ' என்று ஒரு முறை. பீட்டோ என்றால் ஏழு. ஏழு நாளில் படப்பிடிப்பு, ஏழு நாளில் மற்ற வேலை. அந்த அவசரப் பட்டறையிலிருந்து வந்தவர் லாவ் டியாஸ். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓடுகிற படங்களாக எடுத்தார்! 2016-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது அவருடைய 'சின்ன'ப் படம், நாலு மணி நேரம்கூட முழுசாக இல்லை. பிரில்யாந்தே மெண்டோசா 2009-ல் கான் விழாவில் சிறந்த இயக்குநர். வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிலிப்பினோக்களின் காதல் கதை ஒன்று, 2024-ல் வசூலில் நூறு கோடி பெசோவைத் தாண்டியது. மூன்றையும் ஒவ்வொரு உரையாகவே பேசலாம். பேச விட்டால்தானே.

ஒன்றை மட்டும் விட மனசில்லை. ப்ரோக்கா கார் விபத்தில் போனது 1991 மே மாதம். அதே வருஷம் ஜூலையில், எண்பத்தொன்பது வயதில், ஆட்டாங் டி லா ராமா போனார். தன் படம் ஓர் அடிகூட மிச்சமில்லாத ஊரில், அதற்குப் பாடிய மனுஷி எழுபத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறார்.

விளக்கு எரிகிறது. வணக்கம்.