பாறசாலையில ஏறுற அக்கா

வணக்கம். சத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கும், பொறுத்துக்கோங்க. குழித்துறை ஸ்டேஷன்ல, பிளாட்பாரக் கடைசியில இருக்கிற பெஞ்சுல உக்காந்து பேசுறேன். இன்னைக்கு சமையல் இல்ல, தோட்டமும் இல்ல. அம்மாவுக்கு திருவனந்தபுரத்துல செக்கப். அம்மா அந்தால நிழல்ல இருக்காங்க. வண்டி வர இன்னும் நேரம் கிடக்கு. ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லணும்னு வச்சிருந்த ஒரு காரியத்தை இங்க வச்சே சொல்லிடறேன், ஏன்னா அது ஆரம்பிச்சதே இந்த வண்டியிலதான்.

எங்க கன்னியாகுமரி மாவட்டம் கேரளப் பக்கத்துல இருந்து பிரிஞ்சு 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோட சேந்தது. ஆனா வீட்ல ஒருத்தருக்குப் பெரிய நோவுன்னா எங்க கால் இன்னைக்கும் திருவனந்தபுரத்துக்குத்தான் போகுது. அங்க மெடிக்கல் காலேஜ் பக்கத்துல ஆர்சிசி இருக்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரி, 1981ல தொடங்கினது. காலை வண்டியில ஏறினா, யாரெல்லாம் அங்க போறவங்கன்னு பையைப் பாத்தே சொல்லிடலாம். ஸ்கேன் படம் வச்ச பெரிய கவர், வெந்நி பிளாஸ்க், மடிச்சு வச்ச ஒரு பழைய பருத்தித் துண்டு. அந்தத் துண்டு ரேடியேஷன் குடுத்த இடத்துல துணி உரசாம இருக்கிறதுக்கு.

அம்மாவுக்கு மார்பில வந்தது. ஆபரேஷன் முடிஞ்சு 25 தடவை ரேடியேஷன். திங்கள் முதல் வெள்ளி வரை, அஞ்சு வாரம், தினமும் போக வர இந்த வண்டிதான். அடுத்தடுத்த ஸ்டேஷன்தான் பாறசாலை, கேரளா. அங்கதான் அக்கா ஏறுவாங்க. பேர் சொல்லல. "கதையைச் சொல்லு மோளே, பேரைச் சொல்லாத"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

அக்கா தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரங்க. அந்த ஊரெல்லாம் தமிழ்நாட்டுல இருக்கு, ஆனா கோயில் பங்கு திருவனந்தபுரம் மறைமாவட்டம். அதனால அவங்க பேச்சுல பாதி வார்த்தை இந்தப் பக்கம், பாதி வார்த்தை அந்தப் பக்கம். முதல் மூணு நாள் எதிர்சீட்டுல இருந்தும் ஒரு சிரிப்போட சரி. நாலாவது தடவை அவங்க டப்பாவைத் திறந்தாங்க. கஞ்சி, கொஞ்சம் வெள்ளரிக்காய். அம்மா சும்மா இருக்கமாட்டாங்க. "கடக்கரையில இருந்துட்டு மீனில்லாமலா?"ன்னு கேட்டுட்டாங்க.

அக்காவுக்குத் தைராய்டுல. ஆபரேஷன் ஆயிட்டு. மிச்சம் மீதி இருக்கிற செல்லை அழிக்க ரேடியோ அயோடின் குடுப்பாங்க. தைராய்டு செல்லுக்கு அயோடின்னா உயிரு, எங்க கிடைச்சாலும் இழுத்துக்கும். அதனால முன்னாடியே கொஞ்ச நாள் அதைப் பட்டினி போடணும். கடல் மீன் கூடாது, கருவாடு கூடாது, அயோடின் உப்பு கூடாது. அப்புறம் கதிர் இருக்கிற அயோடினைக் குடுத்தா ஆவலா உள்ள இழுத்து அதுவே அழிஞ்சிடும். டாக்டர் சொன்னதை அக்கா எங்களுக்கு இவ்வளவு அழகா சொன்னாங்க. சொல்லிட்டு, "மீன் இல்லாம இருக்கிறது எனக்குப் புதுசில்ல. ஓகி புயல் கழிஞ்சு ஒரு வருஷம் வீட்ல மீன் ஏத்தல"ன்னாங்க.

2017 நவம்பர் 30. எங்க பக்கத்துல அந்தத் தேதியை யாருக்கும் விளக்க வேண்டாம். அக்காவோட தம்பி கொச்சியில இருந்து ஆழ்கடலுக்குப் போன போட்டுல இருந்தாரு. போட்டும் வரல, ஆளும் வரல, உடம்பும் வரல. "அவன் கிடக்கிற கடல்ல பிடிச்ச மீன் எப்படித் தொண்டையில இறங்கும்?"னு கேட்டாங்க. வண்டி நெய்யாற்றின்கரை தாண்டிட்டு இருந்தது. அம்மா ஒண்ணும் சொல்லல, ஒரு மட்டிப்பழத்தை உரிச்சு அவங்க கையில வச்சாங்க.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னு சொல்றேன்.

எனக்கு 11 வருஷம் முன்னாடி எட்டாம் மாசத்துல ஒரு குழந்தை தவறிப்போச்சு. ஆண்பிள்ளை. நான் பாக்கல. பாத்தா மனசு தாங்காதுன்னு வீட்டுப் பெரியவங்க முடிவு பண்ணி, நான் மயக்கத்துல இருந்து தெளியறதுக்குள்ள எல்லாம் முடிச்சிட்டாங்க. அன்புலதான் செஞ்சாங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. அப்புறம் வீட்ல அந்தப் பேச்சே கிடையாது. நான் வாயெடுத்தா "அதை நினைக்காதடீ, அடுத்தது நல்லபடியா வரும்". அடுத்ததும் வந்தது, மகள், நல்லா இருக்கா. ஆனா முகம் தெரியாத ஒரு பிள்ளையை எங்க வச்சு நினைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. எங்க வீட்டுக்குப் போற வழியில ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கு. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும், தலை உயரத்துக்கு. தலைச்சுமையோட தனியா வர்றவங்க யாரையும் ஒரு கை பிடிங்கன்னு கேக்காம இறக்கி வச்சு, இளைப்பாறி, திரும்ப ஏத்திக்கிட்டுப் போகலாம். பிள்ளைத்தாச்சியா இறந்துபோன பொம்பளைங்க நினைவா அந்தக் கல்லை வைக்கிறது பழைய வழக்கம். தாயும் சேந்து போனா கல் உண்டு. பிள்ளை மட்டும் போனா கல் இல்ல, ஆடி அமாவாசைக்கு, இறந்தவங்களுக்குக் குடுக்குற வாவுபலி இல்ல, ஒரு நாளும் இல்ல.

அக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்குள்ள, "இவங்களும் பாக்கல, நானும் பாக்கல"ன்னு ஓடிட்டே இருந்தது. பாலின் பாஸ்னு அமெரிக்காவுல ஒரு ஆய்வாளர், வியட்நாம் போர்ல காணாமப்போன வீரர்களோட குடும்பங்களைப் பாத்து 1970கள்ல இதுக்கு ஒரு பேரே வச்சாங்க. தெளிவில்லாத இழப்பு. போனது போனதுதானான்னு உறுதியாகாத துக்கம் முடியாம அப்படியே உறைஞ்சு நிக்கும்னு சொல்றாங்க. அக்காவோட தம்பிக்கு அது அப்படியே பொருந்தும். என்னோடது வேற கணக்குதான், போயிட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா முகம் பாக்காத வலி ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

அக்காவுக்கு ரேடியோ அயோடின் குடுக்குற நாள் வந்தது. குடுத்த பிறகு உடம்புல இருந்தே கதிர் வரும், அதனால சில நாள் தனி அறை. யாரும் உள்ள போகக்கூடாது. அக்காவுக்கு மருந்தைவிட அந்தத் தனிமைதான் பயம். "ராத்திரி பேசுவியா மோளே?"ன்னு கேட்டாங்க. போனை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள கொண்டு போனாங்க. முதல் ராத்திரி தம்பியைப் பத்தியே பேசினாங்க. அவன் எப்படி விசில் அடிப்பான், போட்டுக்கு ஏறும்போது என்ன சட்டை, கடைசியா கேட்ட கறி என்ன. நான் உம் கொட்டினேன், அவ்வளவுதான்.

ரெண்டாம் ராத்திரி நான் சொன்னேன். மொட்டை மாடியில, இருட்டுல நின்னுட்டு, 11 வருஷமா யார்கிட்டயும் முழுசா சொல்லாததை, முகம் தெரியாத அந்தப் பிள்ளையைப் பத்தி, வண்டியில பழகின ஒருத்தங்ககிட்ட சொன்னேன். சொல்லி முடிச்சதும் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிட்டுதோன்னு நினைச்சேன். அப்புறம் மெல்ல ஒரு கேள்வி.

"பேரு யோசிச்சு வச்சிருந்தியா மோளே?"

அதுவரைக்கும் யாரும் கேக்கல. வச்சிருந்தேன். சொன்னேன். அக்கா அந்தப் பேரை ஒரு தடவை திரும்பச் சொன்னாங்க. நான் அழுத அழுகை... இப்ப வேண்டாம், அம்மா பாத்துட்டு இருக்காங்க.

ஏன் சொந்தக்காரங்ககிட்ட முடியாதது இவங்ககிட்ட முடிஞ்சதுன்னு நிறைய யோசிச்சிருக்கேன். வீட்ல இருக்கிறவங்களுக்கு நம்ம வலி அவங்க வலியும்கூட. நாம வாயைத் திறந்தா அவங்களுக்கும் ரத்தம் வரும், அதனால மூடச் சொல்றாங்க. அந்நியருக்கு அந்தக் காயம் இல்ல. ஆனா அது மட்டும் போதாது. சாயாக் கடையில பக்கத்துல இருக்கிறவர்கிட்டகூட சொல்லலாம், ஆறாது. அக்கா முதல்ல அவங்களோடதை என் மடியில வச்சாங்க. அதனாலதான் என்னோடதை எடுக்க எனக்குத் துணிவு வந்தது.

குடியை விடுறவங்களுக்கு இது நல்லா தெரியும். 1935ல அமெரிக்காவுல அக்ரான்ங்கிற ஊர்ல பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் முதல்முதலா சந்திச்சாங்க. டாக்டர் 15 நிமிஷம்தான் இருப்பேன்னு வந்தாரு, பல மணிநேரம் இருந்தாரு. பில் அவருக்குப் புத்தி சொல்லல. தான் குடிச்சு அழிஞ்ச கதையைத்தான் சொன்னாரு. தான் அன்னைக்குக் குடிக்காம இருக்கணும்னா அதை இன்னொரு குடிகாரர்கிட்ட சொல்லியே ஆகணும்ங்கிற நிலைமை அவருக்கு. அதுல இருந்துதான், குடியை விட ஒருத்தருக்கொருத்தர் துணை நிக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வந்தது. ஆர்தர் ஆரோன்னு ஒரு உளவியலாளர் 1997ல வெளியிட்ட ஆய்வுலயும் இதே கதைதான். முன்பின் தெரியாத ரெண்டு பேர் 45 நிமிஷம் உக்காந்து, லேசான கேள்வியில ஆரம்பிச்சுப் பைய ஆழமா, மாத்தி மாத்திப் பதில் சொன்னாங்க. சும்மா ஊர்க்கதை பேசின ஜோடிகளைவிட அவங்க நெருக்கமா உணர்ந்தாங்க. எனக்கு அதுல பிடிச்சது அந்த "மாத்தி மாத்தி".

கேரளாவுல இந்தக் கேக்குற வேலையை ஊரே செய்யுது. 1993ல கோழிக்கோட்டுல ஆரம்பிச்ச பாலியேட்டிவ் சேவை, அதாவது பெரிய நோவுல கிடக்கிறவங்க வலியைத் தணிக்கிற சேவை, வாலண்டியர்கள் மூலமா வீடு வீடா பரவி, 2008ல அரசாங்கக் கொள்கையாவே ஆயிட்டு. நோயாளி பக்கத்துல உக்காந்து பேச விட்டுக் கேக்குறதுக்கு அந்த வாலண்டியர்களுக்குப் பயிற்சி உண்டு. எங்க பக்கமும் அது இன்னும் கூடணும்னு எனக்கு ஆசை.

ஒண்ணு மட்டும் கவனம் மக்களே. யாரையும் பிடிச்சு வச்சு "சொல்லு, சொல்லிட்டா லேசாயிடும்"னு நெருக்காதீங்க. பேரிடர்ல தப்பினவங்களை நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கையேடே சொல்லுது. சொல்ல வரும்போது இருந்தா போதும். ரொம்ப முடியல, உயிரோட இருக்கவே பிடிக்கலன்னு தோணுச்சுன்னா வண்டித் தோழமை பத்தாது, 14416ல டெலி மானஸ் இருக்கு, தமிழ்லயும் மலையாளத்துலயும் பேசலாம், காசு கிடையாது.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள், அக்கா ஊருக்குப் போனேன். எல்லாரும் கல்லறையைக் கழுவி, பூ வச்சு, மெழுகுதிரி கொளுத்துறாங்க. அக்காவுக்குக் கல்லறை இல்ல. அவங்க கடற்கரையில, அலை ஏறாத இடமாப் பாத்து மணல்ல குழி பறிச்சு மெழுகுதிரி நடுறதுதான் வழக்கம். அன்னைக்கு ரெண்டு குழி பறிச்சாங்க. எதுக்குன்னு நான் கேக்கல. காத்துல நாலஞ்சு தடவை அணைஞ்சு போச்சு. கடைசியில ஒரு பையன் ரெண்டு சிரட்டை கொண்டு வந்து தந்தான். சிரட்டையைச் சாய்ச்சு மறைச்சதும் நின்னு எரிஞ்சது. அக்கா அவங்க தம்பி பேரைச் சொன்னாங்க. நான் என் பிள்ளை பேரைச் சொன்னேன், வெளியில, சத்தமா, முதல் தடவையா.

இந்த ஆடி அமாவாசைக்கு அக்கா குழித்துறைக்கு வர்றதாச் சொல்லியிருக்காங்க, ஆத்தங்கரைக்கு. அவங்களுக்கு அந்தச் சடங்கு கிடையாது, என் பிள்ளைக்கும் கிடையாது. ரெண்டு பேரும் படித்துறையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவோம்.

சிக்னல் விழுந்துட்டு. அக்காவுக்கும் இன்னைக்குத்தான் ரத்தப் பரிசோதனை, வேணும்னே ஒரே நாளா வாங்கியிருக்கோம். அம்மா துண்டை உதறி எடுத்துட்டாங்க, பாருங்க. ஏறினதும் ஜன்னலோர சீட்டுல போட்டு வைப்பாங்க. பாறசாலை வரைக்கும் அங்க வேற யாரும் உக்கார முடியாது. சரி, நான் போனை உள்ள வைக்கிறேன்.