சிட்டுக்குருவியின் அம்மா

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தம்பி அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'ஆலிஸ் ஹெர்ட்ஸ்-சோமரின் நம்பிக்கையைக் காத்தது இசையா, தாய்மையா?' இதுதான் தலைப்பு. தாய்மையே என்று சொல்ல வந்திருக்கிறேன். 'தி லேடி இன் நம்பர் 6' ஆவணப்படத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆலிஸ் 1903-இல் பிராகில் பிறந்த யூதப் பியானோ கலைஞர். நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். 109 வயதில், லண்டனில் தன் சின்னஞ்சிறு வீட்டில் உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகப் பேசுகிறார். 2014-இல் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் 110 வயதில் அவர் கண்மூடினார்.

'இசை என் உயிரைக் காத்தது' என்று படத்தின் பெயரோடே சேர்த்துப் போட்டிருக்கிறார்களே, வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார் எதிரணித் தம்பி. ஐயா, இசை பெரிதுதான், நான் மறுக்கவில்லை. 1942-இல் ஆலிஸின் வயதான தாயை நாஜிகள் கொண்டுபோனார்கள். அம்மாவை வழியனுப்பிவிட்டு வந்தவர், இசைமேதை சோபின் எழுதிய எட்யூட்கள் என்ற கடினமான பயிற்சி இசைத்துண்டுகள் 24-ஐயும் கற்றுத் தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டார். பியானோ படித்தவர்களைக் கேளுங்கள், அதில் ஒன்று கைக்கு வசப்படுவதே பெரும்பாடு. இடிந்து கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்தது இசைதான். ஆனால் துக்கத்தைத் தாங்குவது வேறு, நாளைக்கு விடியும் என்று நம்புவது வேறு. நம் தலைப்பு கேட்பது இரண்டாவதை.

1943 ஜூலையில் ஆலிஸ், கணவர் லியோபோல்ட், ஆறு வயது மகன் ரஃபாயேல் மூவரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆலிஸ் 100-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் வாசித்தார் என்று தம்பி உருகிச் சொன்னார். அந்தக் கச்சேரிகளை நாஜிகள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தார்கள். அதற்காக முகாமை அலங்கரித்தார்கள். நெரிசல் தெரியக்கூடாது என்று முந்தைய மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டது இசையும் நாடகமும் நடக்கும் ஊர். வேடம் முடிந்ததும் என்ன நடந்தது? ஹான்ஸ் கிராசா, விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ். மூவரும் இசையமைப்பாளர்கள். 1944 அக்டோபரில் மூவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அவர்களிடம் இல்லாத இசையா?

'பிள்ளை பெற்றவர்களெல்லாம் பிழைத்தார்களா?' என்று தம்பி திருப்பிக் கேட்பார். இல்லை தம்பி. தாயும் பிள்ளையுமாக ஆயிரமாயிரம் பேர் மாண்டார்கள். உயிரைக் காத்தது எது என்று நான் வாதாடவில்லை. கச்சேரி ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரமும் அந்தம்மா எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்? அதுதான் என் கேள்வி. ஏன் சாப்பாடு இல்லை, போர் என்றால் என்ன என்று பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை கேட்கிறான். ஆலிஸ் சிரித்துக்கொண்டே இருந்தார். தாய் சிரித்தால் பிள்ளை சிரிக்காமல் இருப்பானா என்பது அவர் கணக்கு. பெற்ற வயிறு எரிய எரிய முகத்தில் சிரிப்பை வைத்திருப்பது எந்த எட்யூடைவிடவும் கடினம் ஐயா.

1944 செப்டம்பரில் ரயிலேற லியோபோல்டின் முறை வந்தது. 'எதற்கும் நீயாக முன்வராதே' என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். சில நாட்களில், கணவன்மாரிடம் போக விரும்பும் பெண்கள் போகலாம் என்று அறிவித்தார்கள். பலர் ஆசையோடு போனார்கள். ஆலிஸ் போகவில்லை. லியோபோல்ட் 1945-இல் டாகாவ் என்ற நாஜி முகாமில் இறந்தார். கட்டிய கணவனைத் தேடி ஓடத் துடிக்கும் காலைக் கட்டிப்போட்டது கணவர் சொல் மட்டும்தானா? கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் நின்றான் என்பதை நான் மறக்கமாட்டேன்.

தம்பியின் பலமான அம்பு இது: மகன் 2001-இல் இறந்த பிறகும் அவர் பியானோவை விடவில்லையே! உண்மை. 97 வயதில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் மறுபடி பியானோ முன் உட்கார்ந்தார். விரலுக்குப் பயிற்சி சோபின் தந்தார். கசப்பில்லாத அந்த மனதுக்குப் பயிற்சி எங்கே கிடைத்தது? பசித்த பிள்ளை முன்னால் அழாமலிருந்த அந்த இரண்டு வருடத்தில்! இன்னொன்றும் கேட்கிறேன். 1949 முதல் இஸ்ரேலில் வாழ்ந்து, இசை சொல்லிக்கொடுத்து, பழகிப்போன ஊரை விட்டு 80 வயதுக்கு மேல் ஏன் லண்டனுக்குப் போனார்? பியானோ ஜெருசலேமிலும் இருந்தது. செல்லோ கலைஞரான மகன் இருந்தது லண்டனில்.

கடைசியாக ஒன்று. கிராசாவின் 'புருண்டிபார்' என்ற குழந்தைகள் ஓபரா, அதாவது பாட்டு நாடகம், அந்த முகாமில் 55 முறை நடந்தது. நோயில் கிடக்கும் அம்மாவுக்குப் பால் வாங்கக் காசில்லாமல் அண்ணனும் தங்கையும் தெருவில் பாடுகிறார்கள். உதவிக்கு ஒரு நாயும் பூனையும் சிட்டுக்குருவியும் வருகின்றன. அந்தச் சிட்டுக்குருவியாகப் பாடியவன் ரஃபாயேல். பசி தீராத முகாமில், ஓர் அம்மாவுக்குப் பால் கிடைக்கவேண்டும் என்று ஆலிஸின் பிள்ளை பாடுகிறான்.

அதுவும் இசைதானே என்று தம்பி எழுந்திருப்பார். ஆமாம் தம்பி, இசைதான். பாடியது யார் பிள்ளை?

தீர்ப்பை நடுவரிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.