சீருடை இரண்டு ஆண்டு, கிளினிக் அறுபது ஆண்டு

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

கேப்டன் லட்சுமி என்றதும் சுவரொட்டி அடிக்கிறவர் முதல் பாடப்புத்தகம் போடுகிறவர் வரை எல்லாரும் தேடி எடுப்பது, சீருடையும் தொப்பியுமாக அவர் நேதாஜியோடு இருக்கிற படத்தைத்தான். நல்ல படம். ஆனால் அந்தச் சீருடை அவர் உடம்பில் கிடந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். ஸ்டெதாஸ்கோப் கிடந்ததோ அறுபது ஆண்டுகளுக்கும் மேல். இன்று அந்த அறுபதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

1914-இல் பிறந்தவர். அம்மா அம்மு சுவாமிநாதன், பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1940-இல் சிங்கப்பூர் போனார். அங்கே அவர் கிளினிக்குக்கு வந்தவர்களில் பலர் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய நம் ஏழைத் தொழிலாளர்கள். கவனியுங்கள், படைக்கு முன்பே கிளினிக் இருந்தது.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிடும் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்றார். லட்சுமி அவசர அவசரமாக இருபது பெண்களைத் திரட்டினார். சேலை கட்டிக்கொண்டே, கனமான .303 துப்பாக்கியைத் தூக்கி அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். ஜான்சி ராணி படை அங்கே தொடங்கியது. பிறகு வந்து சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணை மிதித்தே அறியாதவர்களும் அதில் உண்டு. பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி பிடித்தன.

மேடையில் சிலர் இந்தப் படை இம்பால் களத்தில் நேருக்கு நேர் மோதியதாகக் கதை கட்டுகிறார்கள். அது தேவையில்லாத அலங்காரம். 1944-இல் படை பர்மாவுக்குப் போனது. முன்னணிக்குப் போகும் முன்பே இம்பாலைப் பிடிக்கும் முயற்சி முறிந்துவிட்டது. காயம்பட்டு வந்தவர்களுக்கு அந்தப் பெண்கள் மருந்து போட்டார்கள். அது குறைந்த வேலையா? 1945-இல் லட்சுமி ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அடுத்த ஆண்டு லாகூரில் பிரேம் சாகலை மணந்தார். இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது ஆங்கிலேயர் நடத்திய செங்கோட்டை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற மூவரில் ஒருவர் இந்த சாகல். இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். பஞ்சாலை நகரம். பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகள் நிரம்பிய நகரமும்கூட. பிரசவம், பெண்கள் நோய் இவைதான் லட்சுமி படித்த துறை. ஏழை வீட்டுப் பெண்கள் அவரிடம் வரத் தொடங்கினார்கள், வந்துகொண்டே இருந்தார்கள்.

1971-இல் வங்காள எல்லையில் அகதிகள் குவிந்தபோது, மருந்தும் துணியும் திரட்டிக்கொண்டு போங்காவ் முகாமுக்கே போனார். மார்க்சிஸ்ட் கட்சிக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஐம்பது வயதைத் தாண்டி ஒரு கட்சியில் புதிதாகச் சேர்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும்!

1984 நவம்பரைச் சொல்லாமல் நகர முடியாது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு கான்பூரிலும் சீக்கியர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். எழுபது வயதில் லட்சுமி தெருவில் இறங்கிக் கும்பலை எதிர்த்து நின்றார். அவர் கிளினிக்கைச் சுற்றி இருந்த நெரிசலான பகுதியில் ஒரு சீக்கியர் மீதும், ஒரு சீக்கியர் கடை மீதும் கைவைக்க விடவில்லை. கையில் துப்பாக்கி கிடையாது. அந்தத் தெருக்காரர்களுக்கு அவர் அத்தனை ஆண்டுகளாக மருந்து கொடுத்த டாக்டர். எனக்குத் தெரிந்து அதுதான் அவருடைய ஆயுதம். அடுத்த மாதம் போபாலில் விஷவாயு கசிந்தது. மருத்துவக் குழுவோடு அங்கேயும் போனார்.

2002-இல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே நின்ற தேர்தல். இராமேசுவரத்தில் பிறந்தவரும் சென்னையில் படித்தவரும் டெல்லியில் எதிரெதிரே நின்றது நமக்கு ஒரு வேடிக்கையான பெருமை. தேர்தல் முடிந்தது, அவர் கான்பூருக்குத் திரும்பி நோயாளிகளைப் பார்த்தார். 92 வயதிலும் காலையில் கிளினிக்கில் இருந்தார். 2012 ஜூலை 23-இல் 97 வயதில் காலமானபோது, உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு எழுதி வைத்திருந்தார்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். லட்சுமியின் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு அடுத்த நிலையில் படையை நடத்திய ஜானகி தேவரின் பெயரும் மலேசியாவில் நிலைத்திருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த மற்றப் பெண்கள்? மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இங்கே இருந்தால், பாட்டியின் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று எழுதிக் கொடுங்கள். வாசலில் உள்ள மேசையில் நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம். பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.