மாதம் பத்தாயிரம், முதலுக்கு

நடுவர் அவர்களே, என் அணியினரே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையில் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக் கடன் உள்ள குடும்பம் மாதம் மிஞ்சுகிற காசை நிரந்தர வைப்பில் போடுவதா, கடனுக்குக் கூடுதலாகக் கட்டி முந்தி முடிப்பதா என்பதே இன்றைய வழக்கு. கூடுதலாகக் கட்டுங்கள் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு உட்கார்ந்தார். வைப்பில் போட்டால் வட்டி வரும் என்றார். கடனுக்குக் கட்டியது சுவருக்குள் போன காசு, அவசரத்துக்கு எடுக்க முடியாது என்றார். ரூபாயின் பெறுமதி விழ விழக் கடன் தானாகக் கரைந்துவிடும் என்றார். மூன்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன் ஒரு கணக்கு.

ஒரு கோடி ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 110,109 ரூபாய். முதல் மாதம் அதில் 100,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. முதலில், அதாவது கடனாக வாங்கிய தொகையில், கழிவது வெறும் 10,109 ரூபாய். பத்து வருடம் ஒரு தவணைகூடப் பிந்தாமல் கட்டியவர் வங்கிக்குப் போய் மீதி எவ்வளவு என்று கேட்டால், ஏறத்தாழ 76 லட்சத்து 75 ஆயிரம் என்று பதில் வரும். அவர் அதுவரை கட்டியது ஒரு கோடி 32 லட்சம். முதலில் கால்வாசிகூடக் குறையவில்லை! இதில் வங்கி யாரையும் ஏமாற்றவில்லை. வட்டி, நிற்கிற மீதிக்குத்தான் கணக்காகிறது. மீதி மலைபோல நிற்கும் ஆரம்ப வருடங்களில் தவணையை வட்டியே தின்றுவிடுகிறது.

இதே கடனுக்கு முதல் மாதத்தில் இருந்தே பத்தாயிரம் கூட்டிக் கட்டிப் பாருங்கள். முதலில் கழிவது 10,109 அல்ல, 20,109. தவணையில் கூடியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, முதல் கழியும் வேகமோ இரட்டிப்பு. 240 மாதக் கடன் 180 மாதத்தில் முடிகிறது. வட்டியில் 48 லட்சத்துக்கு மேல் மிச்சம். அதற்காகக் கூடுதலாகக் கொடுத்தது மொத்தம் 18 லட்சம். இதே பத்தாயிரத்தைப் பத்து வருடம் கழித்துத் தொடங்கினால் மிச்சம் ஒன்பது லட்சம் அளவுதான், காலத்தில் குறைவது ஒன்றரை வருடத்துக்குள்தான். "பிள்ளைகள் படித்து முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இந்த இரண்டு எண்களைப் போய்ச் சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே: 48 லட்சம், 9 லட்சம்.

இனி வைப்பு. வைப்புக்கு 8 சதவீதம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் இருந்து அந்த வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், கைக்கு வருவது 7.2. கடனுக்குக் கட்டிய ரூபாய் 12 சதவீத வட்டியை நிறுத்துகிறது, அந்த மிச்சத்துக்கு வரி இல்லை. வைப்பில் வாங்கும் காசைத்தான் வங்கி கூடிய வட்டிக்குக் கடனாகக் கொடுக்கிறது. அந்த இடைவெளிதான் அதன் வருமானம். ஒரே வீட்டில் கடனையும் வைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பவர் அந்த இடைவெளியைத் தன் சட்டைப்பையில் இருந்து கொடுக்கிறார். வங்கி ஊழியர்களுக்குச் சலுகை வட்டியில் கிடைக்கும் கடனுக்கு இந்த வாதம் பொருந்தாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் அவசரப்படத் தேவையில்லை.

கடன் கரையும் என்ற வாதத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி ஒரே நாளில், மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடன் தருமுன் வங்கி கொடுக்கும் ஒஃபர் லெட்டரில் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். என்று எழுதியிருக்குமே, மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் அந்த முதன்மைக் கடன் வீதம், வருடத் தொடக்கத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, வருட முடிவில் 25ஐத் தாண்டியது. மாறும் வட்டியில் ஒரு கோடி மீதி உள்ளவருக்கு 24 சதவீதத்தில் மாத வட்டி மட்டும் இரண்டு லட்சம். பழைய தவணை வட்டிக்கே போதாது. சாமான் விலையோடு வட்டியும் ஏறியது, சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. எங்கே கரைந்தது கடன்? முன்கூட்டியே 20 லட்சம் குறைத்து வைத்திருந்தவருக்கு அந்த மாதங்களில் மாதம் 40,000 ரூபாய் சுமை குறைவு. நிலையான வட்டியில் எடுத்தவர்கள் தப்பினார்கள். ஆனால் அந்த நிலையான காலம் பல கடன்களில் முதல் சில வருடங்களுக்கு மட்டும்தான்.

சுவருக்குள் போன காசு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒழுங்கு முக்கியம். கடனட்டை நிலுவையும் அடகில் இருக்கும் நகையும் முதலில் தீரட்டும், அவற்றின் வட்டி பெரும்பாலும் வீட்டுக் கடனைவிடக் கூட. பிறகு ஆறு தவணைக்கான காசைச் சேமிப்பில் ஒதுக்குங்கள். அதற்குமேல் மிஞ்சுவதுதான் முதலுக்கு. ஒரு மாதம் கை இறுகினால் கூடுதலை நிறுத்தலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தவணையை மட்டும் நிறுத்த முடியாது. போன வருடம் எவ்வளவு கூட்டிக் கட்டியிருந்தாலும் இந்த மாதத் தவணை இந்த மாதம் போய்ச் சேரவேண்டும்.

செய்முறையில்தான் பலர் தவறுகிறார்கள். கடன் கணக்குக்குச் சும்மா காசை அனுப்பினால், அதை அடுத்த மாதத் தவணைக்கான முற்பணமாகப் பிடித்து வைப்பது உண்டு. அப்போது முதல் ஒரு சதமும் குறையாது. வேறு சில இடங்களில் காலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தவணையைக் குறைப்பார்கள். தவணை குறைந்தால் மனசுக்குச் சுகம், ஆனால் ஐந்து வருடம் மிச்சமாகாது. அதனால் கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: "இத்தொகையைக் கடனின் முதலில் இருந்து கழிக்கவும். மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும். புதிய தவணை அட்டவணையைத் தரவும்." பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கடன் கணக்குக்கு மாதாமாதம் தானாகக் காசு போகும் ஸ்டாண்டிங் ஓர்டரைச் சம்பளம் வரும் நாளுக்கே வையுங்கள். அடுத்த மாதக் கணக்குக் கூற்றை எடுத்து, வட்டி எவ்வளவு என்று எழுதியிருக்கும் இடத்தை மட்டும் பாருங்கள். 12 சதவீதத்தில் பத்தாயிரம் கூட்டிக் கட்டியவருக்கு, வழமையாகக் குறைவதோடு சேர்த்து இன்னொரு நூறு ரூபாய் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையா, காசு முதலுக்குப் போகவில்லை.

முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் அறவிடுவார்கள் என்று எதிரணிச் சகோதரி பயமுறுத்தினார். ஒஃபர் லெட்டரில் அந்த விதியைத் தேடிப் படியுங்கள், கையெழுத்திடுமுன் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் இருந்தாலும் கணக்கு இதுதான்: சித்திரைப் போனஸில் மூன்று லட்சம் கட்டுகிறீர்கள், கட்டணம் 3 சதவீதம் என்றால் 9,000 ரூபாய். அந்த மூன்று லட்சம் நிறுத்துகிற வட்டி மாதம் 3,000. மூன்றே மாதத்தில் கட்டணம் மீண்டுவிடும், மிச்ச வருடங்கள் முழுக்க லாபம்.

நடுவர் மணியைப் பார்க்கிறார், முடிக்கிறேன். கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. கடன் தீர்ந்த கடிதத்தையும் காணி உறுதியையும் வாங்குங்கள். நொத்தாரிசு மூலம், வீட்டை வங்கிக்கு ஈடு வைத்ததை நீக்கும் ஈட்டு விடுவிப்பை எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதியாமல் விட்டால், பதினைந்து வருடம் கழித்துத் தொடர்மாடி வீட்டை விற்கப் போகும்போது பதிவேட்டில் ஈடு அப்படியே நிற்கும், வாங்க வந்தவர் திரும்பிப் போவார். கடனோடு எடுத்த ஆயுள் காப்புறுதியில் மீதக் காலத்துக்குக் கட்டுப்பணம் திரும்பி வருமா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.